தோட்டத்து பிஏபிஎக்ஸ் பெட்டியை மெய்நிகர் முறைக்கு மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் எந்தத் தேயிலைத் தோட்ட ஆபிசுக்குள் நுழைந்தாலும் கிளாக்கர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெட்டி இருக்கும். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து இப்போது தேயிலைச் சாயம் ஏறியதுபோல் பழுத்துவிட்ட மூடி, கீழே கற்றையாகத் தொங்கும் கம்பிகள், மூடியைத் திறந்தால் பல்லி முட்டை. அதுதான் பிஏபிஎக்ஸ், வெளி லைன்களையும் தோட்டத்து உள் போன்களையும் இணைக்கும் சொந்த எக்ஸ்சேஞ்ச். நான் அதிகம் பார்த்தது பனசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ் 824. வாங்கும்போது 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன் (உள் போன்). கார்டு போட்டால் 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை போகும். உழைத்த பெட்டி, குறை சொல்ல மனம் வராது.

ஆனால் பனசோனிக் இந்தத் தொழிலை விட்டே விலகிவிட்டது. இனி உதிரிப்பாகம் வேண்டுமென்றால் இன்னொரு செத்த பெட்டியில் இருந்து பிடுங்க வேண்டும். கணினியில் இருந்து அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் பழைய விண்டோஸ் மடிக்கணினி ஒன்றைத் தேட வேண்டும். போன ஐப்பசி இடிக்கு மூன்றாவது லைன் கார்டு போனது, இந்த ஐப்பசிக்கு என்ன போகும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெய்நிகர் பிஏபிஎக்ஸ் என்றால் பெரிய மர்மம் இல்லை. ஒரு சிறிய கணினி. அதற்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கணினி. அதற்குள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச். இதனால் முழு எக்ஸ்சேஞ்சும் ஒரு கோப்பாக ஆகிவிடுகிறது. கணினி எரிந்தால் அந்தக் கோப்பை இன்னொரு கணினியில் ஏற்றி அரை மணி நேரத்தில் மணியடிக்க வைக்கலாம். மலையகத்தில் நமக்கு வேண்டியது இந்த ஒரு குணம்தான். மற்ற வசதிகள் எல்லாம் கொசுறு.

நாலு போன், ஒரு லைன் மட்டும் இருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். ஆளுக்கொரு கைபேசி வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள், புண்ணியமாகப் போகும். இந்த வழிகாட்டி ஆபிஸ், ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), இரண்டு பங்களா, டிஸ்பென்சரி, இரண்டு டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு) என்று 20, 25 எக்ஸ்டென்ஷன் பரந்து கிடக்கும் தோட்டத்துக்கானது. நுவரெலியா, எல்ல பக்கத்து விடுதிகளுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

படி 1: கணினியைத் தொடாமல் கம்பியின் பின்னால் நடங்கள்

முதல் இரண்டு நாள் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். மழைக்காலம் என்றால் அட்டைப்பூச்சிக்கு உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் எங்கே முடிகிறது, எந்தக் கம்பத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது, அந்தப் போன் இப்போதும் வேலை செய்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். 24 எக்ஸ்டென்ஷன் என்று பெட்டி சொல்லும், உயிரோடு இருப்பது 17 ஆக இருக்கும்.

அப்புறம் ஆபிசில் போன் எடுக்கும் ஆளிடம் உட்காருங்கள். நான் ஒரு தோட்டத்தில் இருபது வருடமாக போன் எடுக்கும் ஓர் அக்காவிடம், "எந்த நம்பருக்கு அதிகமா கோல் போகுதுக்கா?" என்று கேட்டேன். மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த மஞ்சள் அட்டையைக் காட்டினார். பென்சிலால் எழுதி, அழித்து, மேலே எழுதி, காகிதமே மெலிந்துபோன அட்டை. "தம்பி, 14 டிஸ்பென்சரி. அத மட்டும் மாத்திறாதீங்க. லயத்துல உள்ள சனத்துக்கு அந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம்" என்றார். பிஏபிஎக்ஸ் அமைப்புக் கோப்பில் இது எங்கேயும் எழுதியிருக்காது. அந்த அட்டையைப் படம் எடுத்துக்கொண்டேன். புதிய எண் திட்டம் முழுக்க அதை வைத்துத்தான் போட்டேன்.

பட்டியலில் போன் அல்லாதவையும் இருக்கும். ஃபேக்ஸ், கேட்டில் உள்ள பெல், ஸ்டோரில் ரோலர் சத்தத்தையும் மீறி அடிக்கும் பெரிய மணி, மாலை 6 மணிக்குப் பிறகு அழைப்பை வாட்சர் அறைக்குத் திருப்பும் நைட் மோட். ஒன்றை மறந்தால் மாற்றிய அன்று இரவே உங்களைத் தேடிக் கூப்பிடுவார்கள்.

படி 2: வெளி லைன்கள்

உங்களிடம் இருக்கும் லைன் செம்புக் கம்பியில் வருகிறதா, ஃபைபரில் வருகிறதா என்று பாருங்கள். ஃபைபர் என்றால் நிறுவனம் தந்த பெட்டியின் பின்னால் உள்ள போன் துளையில் இருந்துதான் லைன் வரும். இரண்டையும் எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்ற சிறு பெட்டி வழியாகப் புதிய எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுவரலாம். கேட்வே ஒரு பக்கம் சாதாரண லைனை வாங்கி, மறுபக்கம் அதை நெட்வொர்க் அழைப்பாக மாற்றிக் கொடுக்கும்.

அடுத்த வழி சிப் ட்ரங்க்: லைனே இல்லாமல் இணையம் வழியாகவே எண் வரும். ஒரே எண்ணில் பல அழைப்பு ஒரே நேரத்தில் பேசலாம். தோட்டத்து 051, 052, 057 எண்ணை ஐம்பது வருடமாக வியாபாரிகள் அறிந்திருப்பார்கள், அதை இழக்கக் கூடாது. அதே எண்ணையே சிப் ட்ரங்காக மாற்றித் தர முடியுமா என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்ன "ஆமா சார்" செல்லாது.

என் யோசனை: ட்ரங்க் எடுத்தாலும் ஒரு பழைய லைனையாவது கேட்வேயில் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் போனால் 119க்கும் (பொலிஸ்) 1990க்கும் (அம்புலன்ஸ்) அழைக்க அந்த ஒரு வழி இருக்க வேண்டும்.

படி 3: நெட்வொர்க்

குரலுக்குப் பெரிய வேகம் தேவையில்லை. குரலை நெட்வொர்க்கில் அனுப்பும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 87 கிலோபிட் போகும். எட்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 700 கிலோபிட்தான். சிக்கல் தாமதத்தில்தான் வரும். குரல் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போனால் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறி விழுவார்கள். ஆபிசில் ஒருவர் யூடியூப் பார்க்கும்போது துரையின் (தோட்ட மனேஜரின்) குரல் துண்டு துண்டாகப் போகக் கூடாதல்லவா? அதற்காக ஸ்விட்ச்சில் போனுக்குத் தனி விலான் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போட்டு, ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

கட்டடங்களுக்கு இடையில்தான் மலையகத்துக்கே உரிய தலைவலி. நெட்வொர்க் கேபிள் 100 மீற்றரோடு நின்றுவிடும். பங்களா மேட்டில், ஸ்டோர் பள்ளத்தில், நடுவில் ஒரு கிலோமீற்றர் தேயிலை. மூன்று வழி உண்டு.

முடிந்தால் ஃபைபர். கம்பத்திலேயே இழுக்கலாம். விலை முன்புபோல் இல்லை, மின்னலும் அதன் வழியாக வராது. ஒன்று கவனியுங்கள்: சில ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். அந்தக் கம்பியை ரேக்குக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டி எர்த் செய்யுங்கள்.

ஃபைபர் முடியாவிட்டால் 5 கிகாஹேர்ட்ஸ் வயர்லெஸ் டிஷ் இரண்டு. மூடுபனிக்கு அது பயப்படாது, மரத்துக்குத்தான் பயப்படும். இன்று நேர்ப் பார்வை இருக்கிறது என்று பொருத்திவிட்டு வருவோம். இரண்டு வருடத்தில் யூகலிப்டஸ் கன்று மேலே ஏறி மறைத்துவிடும். கம்பத்தை இப்போதே உயரமாகப் போடுங்கள்.

மூன்றாவது, பழைய செம்புக் கம்பியையே வைத்துக்கொண்டு, ஆபிசில் சாதாரணப் போனைப் புதிய எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் எஃப்எக்ஸ்எஸ் கேட்வே ஒன்றைப் போட்டுப் பழைய போனையே ஓட விடுவது. தூரத்து டிவிஷனுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். கம்பியின் நிலை, தூரம் இரண்டையும் பொறுத்து மணி பலவீனமாகலாம். அதனால் வாங்குவதற்கு முன் ஒரு கேட்வேயைக் கடன் வாங்கி அந்தக் கடைசிப் போனில் அடித்துப் பாருங்கள். சுழற்றும் டயல் உள்ள போனை எல்லாக் கேட்வேயும் ஏற்காது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 4: கரண்டும் இடியும்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பழைய முறையில் போனுக்கான மின்சாரம் பெட்டியில் இருந்தே போகும். புதிய முறையில் கணினி, ஸ்விட்ச், ரவுட்டர், கேட்வே, நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஒவ்வொரு ஐபி போன் எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். மழை பலமாக அடித்தால் கம்பத்தில் மரம் விழுந்து அதைவிட நீண்ட நேரம் இருளில் கிடக்கும் தோட்டங்களும் உண்டு.

கணக்குப் போடுவோம். சிறிய கணினி 25 வாட். போன்களுக்குக் கேபிள் வழியாகவே கரண்ட் தரும் பிஓஇ ஸ்விட்ச், எட்டு போனோடு 45 வாட். கேட்வே 20, ரவுட்டர் 10. மொத்தம் 100 வாட். 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் பற்றரியில் இருப்பது 1,200 வாட்-அவர். ஈய-அமில பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே 600. இன்வேட்டர் இழப்பு போக 500 கிடைக்கும். அதாவது ஐந்து மணி நேரம். ஒரு இரவைத் தாண்ட வேண்டுமென்றால் இரண்டு பற்றரி போடுங்கள். கடையில் கிடைக்கும் மேசை யூபிஎஸ் பத்து, பதினைந்து நிமிடத்தில் கூவிவிட்டுப் படுத்துவிடும். அது ஜெனரேட்டர் எடுக்கும் வரை தாங்கத்தான்.

இடிக்கு வருவோம். பங்குனி-சித்திரையிலும் ஐப்பசி-கார்த்திகையிலும் பின்னேரம் மேகம் கறுத்தாலே எனக்கு வயிறு கலங்கும். வெளியில் இருந்து வரும் ஒவ்வொரு செம்புக் கம்பியும் மின்னல் உள்ளே வர ஒரு கதவு. அதனால் லைனும் தூரத்து எக்ஸ்டென்ஷன்களும் உள்ளே நுழையும் இடத்தில் மின்னலை எர்த்துக்குத் திருப்பும் சேர்ஜ் அரெஸ்டர் போட்டு, அதைக் கட்டடத்தின் எர்த்தோடு குட்டையான தடித்த கம்பியால் இணையுங்கள். தனியாக இன்னொரு எர்த் கோல் அடித்து விட்டுவிடுவது ஆபத்து. இரண்டு எர்த்துக்கும் இடையிலேயே வோல்டேஜ் ஏறும்.

நான் செய்யும் இன்னொரு வேலை: கேட்வே பெட்டிகளை ஒரு தனி சின்ன ஸ்விட்ச்சில் வைத்து, அதற்கும் கணினி இருக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவில் இரண்டு மீற்றர் ஃபைபர் துண்டு, இரு பக்கமும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வேட்டர். இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு பவர் அடாப்டர். இடி வந்தால் கேட்வே போகட்டும், எக்ஸ்சேஞ்ச் பிழைக்கும். முதலில் என்னைப் பைத்தியம் என்றார்கள். ஓர் இடிக்குப் பிறகு கேட்வேயை மட்டும் மாற்றிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை.

படி 5: கணினியும் ப்ராக்ஸ்மாக்ஸும்

நாலு கோர் பிராசசர், 16 ஜிபி ராம், இரண்டு எஸ்எஸ்டி உள்ள எந்தச் சின்னக் கணினியும் போதும். விசிறி இல்லாத வகை நல்லது, ஸ்டோர்ப் பக்கம் தேயிலைத் தூசி எதையும் அடைத்துவிடும். ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். இரண்டாவது அலுமாரியில் தூங்கட்டும். விலையுயர்ந்த ஒரு சேர்வரைவிட மலிவான இரண்டு மேல், ஏனென்றால் கொழும்பில் இருந்து உதிரிப்பாகம் வரும் வரை இங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

கணினிக்குள் மெய்நிகர் கணினியை ஓட்ட நான் பயன்படுத்துவது ப்ராக்ஸ்மாக்ஸ். டெபியன் லினக்சின் மேல் கட்டிய இலவச மென்பொருள். அதே வேலையைச் செய்யும் விஎம்வேர் தெரிந்தவர்கள் அதைப் போடலாம். ஆனால் 2023 கடைசியில் அந்த நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது, 2024 தொடக்கத்தில் அதன் இலவசப் பதிப்பான இஎஸ்எக்ஸ்ஐ நின்றது, 2025 இல் திரும்ப வந்தது. இப்படிப் போய் வரும் ஒன்றை நம்பி ஐந்து வருடத்துக்கு ஒரு தோட்டத்தில் வைக்க எனக்கு மனமில்லை.

நிறுவும் முன் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) இரண்டு விஷயம். மெய்நிகராக்கத்தை இயக்குங்கள். அப்புறம், கரண்ட் போய் வந்தால் தானாக எழும்பும்படி வையுங்கள். இதை மறந்த ஓர் இடத்துக்கு நான் இரவு பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் போய் ஒரே ஒரு பட்டனை அமுக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

நிறுவும்போது இரண்டு எஸ்எஸ்டியையும் இசட்எஃப்எஸ் மிரர் என்று தெரிவு செய்யுங்கள். ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். நிலையான ஐபி முகவரி கொடுங்கள். யூபிஎஸ்சின் யூஎஸ்பி கேபிளை இணைத்து, பற்றரி தீரும் முன் எல்லாவற்றையும் முறையாக அணைக்கும் என்யூடி மென்பொருளையும் போட்டுவிடுங்கள்.

படி 6: மெய்நிகர் இயந்திரம்

25 எக்ஸ்டென்ஷனுக்கு 2 கோர், 4 ஜிபி ராம், 40 ஜிபி டிஸ்க் தாராளம். பிராசசர் வகையை 'ஹோஸ்ட்' என்று வையுங்கள். ராமைக் கூட்டிக் குறைக்கும் 'பலூனிங்' வசதியை எடுத்துவிடுங்கள். கணினி எழும்பும்போது இதுவும் தானாக எழும்ப வேண்டும். அதே கணினியில் கேமராப் பதிவு மென்பொருளையும் ஓட்டச் சொல்லிக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். டிஸ்க்கை அது தின்றுகொண்டிருக்கும்போது குரல் வெட்டும்.

லைன் கார்டைக் கணினிக்குள்ளேயே செருகி மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுக்கவும் முடியும். வேண்டாம். அப்படிச் செய்தால் அந்த இயந்திரம் அந்த ஒரு கணினியோடு கட்டுண்டுவிடும், நினைத்த நேரத்தில் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. பிறகு மெய்நிகராக்கியதற்கே அர்த்தமில்லை. லைன் எல்லாம் கேட்வேயில்தான்.

உள்ளே டெபியன் 12, அதன் மேல் எக்ஸ்சேஞ்சை அமைக்கும் திரைகளைத் தரும் ஃப்ரீபிபிஎக்ஸ் 17. அடியில் ஓடும் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் ஆஸ்டெரிஸ்க், 1999 இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கியது. பழைய ஃப்ரீபிபிஎக்ஸ் டிஸ்க் ஒன்று நண்பரிடம் இருக்கிறது என்று அதைப் போடாதீர்கள். அது சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்சில் கட்டியது, சென்ட்ஓஎஸ் 7 க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூனோடு நின்றுவிட்டன. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் 'சான்-சிப்' (சிப் அழைப்புகளைக் கையாண்ட பழைய பகுதி) என்று வந்தால் அதையும் தாண்டிப் போங்கள். ஆஸ்டெரிஸ்க் 21 இல் இருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. இப்போது எல்லாம் 'பிஜே-சிப்'.

நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று வையுங்கள். கோடெக்கில் (குரலைக் குறியாக்கும் முறை) முதலாவதாக ஏ-லா இருக்கட்டும், அமெரிக்கப் பாடங்களில் சொல்லும் மியூ-லா நமக்கு இல்லை. இரண்டு எக்ஸ்டென்ஷன் உருவாக்கி, இரண்டு போனை மேசையில் வைத்து ஒன்றில் இருந்து மற்றதை அடியுங்கள். *43 அடித்தால் உங்கள் குரலே திரும்பக் கேட்கும். அது தெளிவாகக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 5, 6 இரண்டும் ஒரு பின்னேர வேலைதான். எல்லோரும் பயப்படுவது இதற்கு. உண்மையில் காலம் தின்பது முன்னால் சொன்ன கம்பியும் கரண்டும், அடுத்து வரும் கேட்வேயும்.

படி 7: கேட்வே, அதாவது பொறுமை

லைனை எஃப்எக்ஸ்ஓ போர்ட்டில் செருகியதும் அழைப்பு வரும், பேசலாம், எல்லாம் முடிந்தது என்று நினைப்பீர்கள். மறுநாள் காலை லைன் பிசி. வெளியில் இருந்து அழைத்தவர் வைத்துவிட்டார், ஆனால் அது கேட்வேக்குத் தெரியவில்லை. இரவு முழுக்க அந்த லைனைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அழைத்தவர் வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் ஒரு 'பீப் பீப்' சத்தம் தரும். அந்தச் சத்தத்தின் அலைவரிசையும் இடைவெளியும் கேட்வேக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு நாட்டுக் கணக்கை நகல் எடுக்காமல் உங்கள் லைனிலேயே அளந்துவிடுங்கள். ஒரு சாதாரணப் போனை அந்த லைனில் போட்டு, கைபேசியில் இருந்து அடித்து எடுத்து, கைபேசியை வையுங்கள். வரும் சத்தத்தைப் பதிவு செய்து, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒலி எத்தனை மில்லிசெக்கன், அமைதி எத்தனை, எத்தனை ஹேர்ட்ஸ் என்று கண்ணாலேயே பார்க்கலாம். அந்த எண்களைக் கேட்வேயில் போட்டு, பத்துத் தடவை அடித்துப் பாருங்கள். பத்திலும் லைன் விடுபட வேண்டும். ஒன்பது போதாது.

எதிரொலி வந்தால் கேட்வேயை லைனோடு மின்முறையில் பொருத்தும் இம்பீடன்ஸ் அமைப்பை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், அதன் பிறகே சத்தத்தைக் கூட்டிக் குறையுங்கள். அழைப்பவர் எண் தெரியவில்லை என்றால் காலர் ஐடி முறைகளையும் அப்படியே ஒவ்வொன்றாக. சில கேட்வேக்களில் முதல் மணிக்குப் பிறகு எடுக்கும்படி வைத்தால்தான் எண் வரும்.

ஸ்டோருக்கு ஐபி போன் மட்டும் வைக்காதீர்கள். ரோலரும் ட்ரையரும் ஓடும்போது அதன் மணி யாருக்கும் கேட்காது. எஃப்எக்ஸ்எஸ் போர்ட் ஒன்றில் பழைய பெரிய மணியைத் தனியாக இணைத்து, டீமேக்கர் மேசைப் போனோடு சேர்ந்து அடிக்கும்படி ரிங் குரூப் போடுங்கள்.

படி 8: டயல் விதிகள்

எக்ஸ்டென்ஷன் எண்கள் பழையபடியே. 14 என்றால் 14 தான், அக்காவுக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் இரண்டு இலக்க எக்ஸ்டென்ஷன் எதுவும் 11, 19 என்று இருந்தால் 110 (தீயணைப்பு), 119, 1990 ஓடு மோதும். போன் மூன்றாவது இலக்கத்துக்குக் காத்திருக்காமல் 11 ஐ அடித்துவிடும். அந்த இரண்டை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

வெளியே போக: பூஜ்யத்தில் தொடங்கும் 10 இலக்கம் அப்படியே ட்ரங்குக்கு. அவசர எண்கள் முதலில் பழைய லைனுக்கு, அது பிசி என்றால் ட்ரங்குக்கு. இங்கே ஒன்று பலருக்குத் தப்பிவிடும். ஹட்டனில் இருப்பவர்கள் ஹட்டனுக்கு அடிக்கும்போது 051 போடும் பழக்கம் இல்லை, ஏழு இலக்கம்தான். பழைய லைனில் அது போகும், ட்ரங்க் திருப்பி அனுப்பலாம். ஆகவே ஏழு இலக்கம் வந்தால் முன்னால் 051 சேர்க்கும்படி ஒரு விதி எழுதுங்கள். நுவரெலியா என்றால் 052, பண்டாரவளை 057, பதுளை 055, கண்டி 081.

'00' என்று தொடங்கும் வெளிநாட்டு அழைப்பை எல்லோருக்கும் அடைத்துவிடுங்கள். தேவைப்படும் ஓரிருவருக்கு ரகசிய எண்ணோடு திறக்கலாம்.

படி 9: பூட்டு

எனக்குத் தெரிந்த ஒரு விடுதியில், வீட்டில் இருந்தே எக்ஸ்டென்ஷன் பேசலாம் என்று ரவுட்டரில் சிப் அழைப்புகள் வரும் 5060 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்தார்கள். எக்ஸ்டென்ஷன் 201, கடவுச்சொல்லும் 201. ஒரு நீண்ட வார இறுதியில் யாரோ எங்கிருந்தோ நுழைந்து வெளிநாட்டு எண்களுக்கு இடைவிடாமல் அடித்திருக்கிறார்கள். பில்லைப் பார்த்த முதலாளி அன்று சாப்பிடவில்லை.

5060 ஐத் திறக்காதீர்கள். வெளியில் இருந்து பேச வேண்டுமானால் வயர்கார்ட் போன்ற விபிஎன் வழியாக மட்டும். கடவுச்சொற்களை ஃப்ரீபிபிஎக்ஸ் தானே உருவாக்கும் நீளமானவையாகவே விடுங்கள், போனில் ஒரு தடவைதான் அடிக்கப் போகிறோம். தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிப்பவரை அடைக்கும் ஃபெயில்-டு-பேன் ஓடுகிறதா என்று பாருங்கள். கேட்வேயின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பது.

அழைப்புகளைப் பதிவு செய்யச் சொன்னால், பேசுபவருக்கு அதை முதலில் அறிவிக்கும்படி வையுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

படி 10: வரவேற்புக் குரலும் போயா நாளும்

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பதிவு செய்யுங்கள். கூலிக்கு ஆள் தேடாமல் ஆபிசில் உள்ளவர்களையே பேசச் சொல்லுங்கள். அழைப்பவர்களுக்குப் பழகிய குரல் நல்லது. ஓர் அறையில் கம்பளியைத் தொங்கவிட்டு, கைபேசியில் பதிந்து, 8 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பாக மாற்றி ஏற்றினால் போதும். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம்.

வேலை நேரத்தை நேர விதியில் போடும்போது ஞாயிறை எல்லோரும் போடுவார்கள், போயாவை (பௌர்ணமி விடுமுறை) மறப்பார்கள். அது மாதத்துக்கு மாதம் நகர்வதால் வாரக் கணக்கில் அடங்காது. ஃப்ரீபிபிஎக்ஸில் உள்ள கலண்டர் பகுதியில் வருடத் தொடக்கத்திலேயே போயா, தைப்பொங்கல், தீபாவளி எல்லாவற்றையும் ஏற்றி, நேர விதியை அதோடு இணைத்துவிடுங்கள். டிஸ்பென்சரிக்கு மட்டும் எந்த விடுமுறை விதியும் பொருந்தக் கூடாது.

படி 11: பழையதும் புதியதும் கொஞ்ச நாள் சேர்ந்து

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றும் வீரம் வேண்டாம். எஃப்எக்ஸ்எஸ் கேட்வேயின் ஒரு போர்ட்டை எடுத்து, பழைய பெட்டியின் வெளி லைன் துளையில் செருகுங்கள். பழைய பெட்டி அதை இன்னொரு வெளி லைன் என்று நினைத்துக்கொள்ளும். பழைய போனில் இருந்து அந்த லைனை எடுத்துப் புதிய எக்ஸ்டென்ஷனை அடிக்கலாம். மறுதிசைக்குப் பழைய பெட்டியின் டிசா வசதியை அந்த லைனுக்குப் போட்டால், உள்ளே வந்தவர் பழைய எக்ஸ்டென்ஷனை அடிக்கலாம். கொஞ்சம் சுற்று வழிதான், ஆனால் யாரும் தனித்துப் போக மாட்டார்கள்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு கட்டடம். முதலில் ஆபிஸ், அங்கேதான் குறை சொல்ல ஆள் பக்கத்தில் இருப்பார். அடுத்து ஸ்டோர், பிறகு பங்களாக்கள், டிவிஷன்கள். டிஸ்பென்சரி கடைசி. சம்பள வாரத்தில் எதையும் தொடாதீர்கள்.

வெளி லைன்களை மாற்றும் நாளுக்கு முந்தின நாளே புதிய பட்டியலை அச்சடித்து ஒவ்வொரு போனுக்குப் பக்கத்திலும் ஒட்டுங்கள். மாற்றியதும் இந்த ஒழுங்கில் சோதியுங்கள்: வெளியில் இருந்து உள்ளே, உள்ளே இருந்து கைபேசிக்கு, கைபேசியில் இருந்து வந்ததை இன்னோர் எக்ஸ்டென்ஷனுக்குத் திருப்புவது, நைட் மோட், ஸ்டோர் மணி. 119, 1990 ஐச் சோதிக்கும்போது "இது சோதனை" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லி உடனே வையுங்கள்.

படி 12: பிரதியும் ஒத்திகையும்

ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வோர் இரவும் 2 மணிக்கு மெய்நிகர் இயந்திரத்தின் முழுப் பிரதி ஒரு நெட்வொர்க் டிஸ்க்குக்குப் போகட்டும். அந்த டிஸ்க்கை வேறு கட்டடத்தில் வையுங்கள். மண்சரிவு எந்தப் பக்கம் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஃப்ரீபிபிஎக்ஸின் சொந்தப் பிரதியையும் வாரத்துக்கு ஒன்று எடுங்கள், அது சின்னது, மின்னஞ்சலிலேயே போகும். பகலில் ராமோடு சேர்த்து ஸ்னாப்ஷாட் (ஓடும் இயந்திரத்தின் அந்தக் கணத்து நிலை) எடுக்காதீர்கள், சில விநாடி இயந்திரம் உறைந்து பேச்சு நடுவில் நின்றுவிடும்.

பிரதி இருப்பது போதாது, திரும்ப ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடும் கணினியின் கேபிளைப் பிடுங்கி, அலுமாரியில் தூங்கும் கணினியை எடுத்து, பிரதியை ஏற்றி, கடிகாரத்தைப் பாருங்கள். எனக்கு முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆனது. மெய்நிகர் இயந்திரத்தை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜின் பெயரை இரண்டு கணினியிலும் வேறு வேறாக வைத்திருந்தேன். இரண்டாவது தடவை 25 நிமிடம். செய்த ஒழுங்கை ஒரு தாளில் எழுதி ரேக் கதவில் ஒட்டினேன், நான் இல்லாவிட்டாலும் கிளாக்கர் தம்பி செய்யும்படி.

அதே நாளில் மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டு பற்றரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். காகிதத்தில் ஐந்து மணி நேரம் என்று போட்டது நாலாக வரலாம். எந்த நேரம் வந்ததோ அதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

பழைய பெட்டியை எப்போது கழற்றுவது? நான் ஓர் ஐப்பசி இடியைப் புதியது தாண்டும் வரை விடுவேன். அதுவரை சுவரில் கரண்ட் இல்லாமல் தொங்கட்டும், கம்பிகளுக்கு மட்டும் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள். கழற்றும்போது லைன் கார்டுகளையும் பவர் சப்ளையையும் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் அதே பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், அவர்கள் தேடி வருவார்கள்.